அப்பாவின் கோபத்துக்கு முந்தைய பத்து நிமிடம்

கேள்வி: அப்பாவுக்கு 77 வயது. அல்சைமர் என்று உறுதி செய்து இரண்டு வருடம் ஆகிறது. டோனெபெசில் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். முதலில் மறதி மட்டும்தான் இருந்தது. மூன்று மாதமாகக் கோபம். குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குகிறார். சாயங்காலமானால் "என் பர்ஸை எடுத்தது யார்" என்று ஆரம்பித்து என்னையே திருடி என்கிறார். போன வாரம் அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார். நல்லவேளை, கட்டில் மேல் விழுந்தார். பத்து நிமிடம் கழித்து, "ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அப்பாவே கேட்கிறார். ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததால் ஒன்றரை மாதமாக ஆக்சிபியூட்டினின் மாத்திரையும் கொடுக்கிறோம். "நாமும் அதட்டினால்தான் அடங்குவார்" என்கிறான் தம்பி. அப்பா வேண்டுமென்றே செய்கிறாரா? தூக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா? சில நாள் நானும் பதிலுக்குக் கத்திவிடுகிறேன். பிறகு ராத்திரி முழுக்க அழுகிறேன்.

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை மாதமாகக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின்.

அப்பா சாப்பிடும் டோனெபெசில், அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துபோகாமல் காக்கிறது. ஞாபகத்துக்கு அது தேவை. ஆனால் சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பதும் அதே அசிடைல்கோலின்தான். அதனால் டோனெபெசில் சாப்பிடும் சிலருக்குச் சிறுநீர் அவசரம் கூடுகிறது. அதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு, அசிடைல்கோலினைத் தடுக்கும் ஆக்சிபியூட்டினினை எழுதிக் கொடுப்பது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. இந்த மாத்திரை மூளைக்குள்ளும் போகும். ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது. குழப்பமும் எரிச்சலும் ஏறும், வாய் உலரும், மலம் இறுகும், சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தங்கிவிடவும் கூடும்.

எல்லாம் இந்த மாத்திரையால்தான் என்று சொல்ல வரவில்லை. கோபம் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் ஓங்குவதோடு நின்ற கை ஆளைத் தள்ளியது மாத்திரைக்குப் பிறகுதான். இந்த வாரமே, மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சிறுநீர் அவசரம் டோனெபெசிலால் வந்ததாக இருக்குமா? மூளையைக் குழப்பாத வேறு மருந்து, மிராபெக்ரான் போல, இவருக்கு ஒத்துவருமா? (அதைத் தொடங்கினால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) போகும்போது வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமைன், தூக்கத்துக்கு வாங்கும் டைபென்ஹைட்ரமின் இரண்டும் இதே வகைதான், சீட்டில் இருக்காது, ஆனால் வேலையைக் காட்டும். டோனெபெசிலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அப்பாவுக்குக் கடைசியாக எப்போது மலம் கழிந்தது? பதில் தெரியவில்லை என்றாலோ மூன்று நாள் தாண்டிவிட்டது என்றாலோ, பாதி விடை அங்கேயே இருக்கலாம். வயிறு கல்லாக இருக்கும் மனிதரை, அதைச் சொல்லவும் வார்த்தை கிடைக்காத மனிதரை, குனியச் சொன்னால் அவர் கையைத்தான் ஓங்குவார்.

மறதி நோய் மாதக் கணக்கில் நகரும். மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ ஒருவர் தலைகீழாக மாறினால் அது நோய் முற்றியதல்ல, உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். நேற்று வரை பேசியவர் இன்று உளறுகிறார், இல்லாத ஆளைப் பார்க்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார், ராத்திரி மூர்க்கமாகிறார் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரல் தொற்று, நீர்ச்சத்து குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, சர்க்கரை தாழ்வது, சிறுநீர் அடைபடுவது எல்லாம் இப்படித்தான் முகம் காட்டும். சமீபத்தில் விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம். தலைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூட நடத்தையை மாற்றும். சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம். ஆனால் வயதானவர்களின் சிறுநீரில் கிருமி சும்மாவே இருப்பதுண்டு. காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி எதுவுமில்லாமல் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால், உண்மைக் காரணத்தைத் தேடுவது நின்றுபோகும். எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.

வலியையும் விடக்கூடாது. 2011ல் நார்வேயில் முதியோர் இல்லங்களில் இருந்த, மறதி நோயும் மூர்க்கமும் சேர்ந்த 352 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வலி மருந்தைப் படிப்படியாக, பெரும்பாலும் வெறும் பாரசிட்டமாலாக, நேரம் தவறாமல் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுடைய கொந்தளிப்பு மற்றவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பாவிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். கேட்பதைவிட, உட்கார்ந்து எழும்போது முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்குகிறதா, மூச்சு சத்தமாகிறதா, முனகுகிறாரா, உடம்பு விறைக்கிறதா, தொட்டுத் தடவினால் அடங்குகிறாரா. பல்செட்டைக் கழற்றி ஈறைப் பாருங்கள். கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா பாருங்கள். காதில் குறும்பி அடைத்திருந்தால் நீங்கள் சாதாரணமாகப் பேசுவது அவருக்குக் கேட்காது. கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினால், திட்டுகிறீர்கள் என்று நினைப்பார்.

இனி உங்கள் முதல் கேள்வி. வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்று ஒன்றைச் செய்யத் திட்டமிட வேண்டும், நேற்று நடந்ததை மனதில் வைத்திருக்க வேண்டும், அந்த இரண்டையும்தான் நோய் எடுத்துக்கொண்டிருக்கிறது. கோபம் நம் எல்லோருக்கும் வருகிறது. வந்ததும் "பொறு, இது மகள்தானே" என்று இழுத்துப் பிடிப்பது மூளையின் முன்மடல். அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. பயத்தையும் ஆபத்தையும் உணரும் பகுதியோ இன்னும் வேலை செய்கிறது. எதற்கு வந்தது என்று தெரியாத பயம் உங்கள் கண்ணுக்குக் கோபமாகத் தெரிகிறது.

தம்பிக்கு ஒரு தகவல். 2014ல் அயோவா பல்கலைக்கழகத்தில், அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகம் போகவில்லை, அரை மணி நேரம் வரை தங்கியது. அதட்டினால் அப்பா அடங்குவது உண்மையாகவே இருக்கலாம். அதட்டியது அவருக்கு மறந்துவிடும். அந்த ஆள் உள்ளே வந்தாலே நெஞ்சு பதறுவது மட்டும் மறக்காது. அடுத்த சண்டைக்கான விறகு அதுதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். என்ன திட்டினார், எப்படி அடித்தார் என்பதல்ல முக்கியம். வெடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் முக்கியம். யார் அறையில் இருந்தார்கள், என்ன சத்தம், வெளிச்சம் எப்படி, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது சிறுநீர் கழித்தார், யார் என்ன சொன்னார்கள், அவரை எங்கே தொட்டார்கள், எது நடந்த பிறகு அடங்கினார். இப்படி: "செவ்வாய் 5.40. டிவியில் செய்தி, சத்தம் அதிகம். லைட் போடவில்லை. 3 மணிக்குப் பிறகு எதுவும் குடிக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டு, 'சட்டையை மாத்துங்க' என்றார். தள்ளினார். அம்மா வெளியே போனதும் 8 நிமிடத்தில் அடங்கினார்." இந்த ஏழு வரியில் சரிசெய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன. மறதி நோயில் பார்வைப் பரப்பு சுருங்கிவிடுவதால், பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும் கை, எங்கிருந்தோ திடீரென்று முளைத்த கை. எதிரே, ஆறடி தள்ளி நின்று, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டு, அவர் பார்த்த பிறகு நெருங்கி, அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தணிந்து உட்கார்ந்து பேசுங்கள். ஒரு சமயத்தில் ஒரே விஷயம். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வரவில்லையே என்று அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால், பாதி புரிந்ததும் கலைந்துவிடும்.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். யாரோ ஒருவர் துணியை உருவுகிறார். குளிர்கிறது. தரை வழுக்குகிறது, ஆழம் புரியவில்லை. தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது. அந்த யாரோ தன் மகளாகவும் இருக்கிறாள் என்று ஒரு மூலையில் தெரிந்தால் கூச்சம் இன்னும் பொறுக்க முடியாததாகிவிடும். எனவே முடிந்தால் இந்த ஒரு வேலையைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும், அதட்டாமல் செய்யப் பழகிய பிறகு.

நல்ல நாளிலெல்லாம் அப்பா எந்த நேரத்தில் குளிப்பாரோ அந்த நேரமே இருக்கட்டும். அவரை அழைப்பதற்கு முன் அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சோப்பு, இரண்டு பெரிய துண்டு, மாற்றுத் துணி போடும் வரிசையில் தயாராக இருக்க வேண்டும். நடுவில் "துண்டு எங்கே" என்று ஓடினால் அங்கேதான் கெடும். "குளிக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்ற பதில் எளிது. அரை மணி நேரம் முன்பே அறிவிக்கவும் வேண்டாம், அந்த அரை மணி நேரமும் பதற்றமாகிவிடும். "வாங்கப்பா, இப்படி வாங்க" என்று கூடவே நடந்து, முதலில் சிறுநீர் கழிக்க வைத்து, வழுக்காத நாற்காலியில் உட்கார வையுங்கள். தோளிலும் மடியிலும் துண்டு போர்த்தியே இருக்கட்டும். கழுவுகிற இடத்தில் மட்டும் துண்டை விலக்குங்கள். பாதத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்துவிட்டு, "கால்ல தண்ணி ஊத்தறேன்" என்று சொல்லி ஊற்றுங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் ஒரு சொல். அவர் கையில் சோப்பு தடவிய சிறு துணி ஒன்றைக் கொடுங்கள். தேய்த்தால் நல்லது, வெறுமனே பிடித்திருந்தாலும் நல்லது, சும்மா இருக்கும் கைதான் அடிக்கும். தலையைக் கடைசிக்கு வையுங்கள், அல்லது வேறொரு நாளைக்கு.

முழுக்குளியல் தினமும் வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை போதும். மற்ற நாளில் முகம், கை, அக்குள், இடுப்புக்குக் கீழே என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தோலுக்கு ஒரு கெடுதலும் வராது. எதற்கும் இணங்காத நாளில், வெதுவெதுப்பான நீரில் அலசத் தேவையில்லாத சோப்பைக் கலந்து, பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து, படுத்திருப்பவர் மேல் போர்த்தி, துண்டோடு சேர்த்து மெல்லத் தேய்த்துவிடலாம். மறுத்தால் விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் கழித்து வேறொருவர் போய் அழைத்தால் எழுந்து வருவது நிறைய நடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது.

பர்ஸ் விஷயத்துக்கு வருவோம். இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1901ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் முதன்முதலாக இந்த நோயைக் கவனித்த அகஸ்டே டேட்டர் என்ற பெண்மணிக்கும் ஆரம்பக் குறிகளில் ஒன்று கணவர் மேல் வந்த காரணமில்லாத சந்தேகம்தான். வைத்த இடம் நினைவில் இல்லை. வைத்தது தானே என்பதும் நினைவில் இல்லை. அப்படியானால் பொருள் காணாமல் போனதற்கு அவர் மனம் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே விளக்கம் திருட்டு. எப்போதும் பக்கத்தில் இருப்பவர் நீங்கள், அதனால் திருடி நீங்கள். "நான் எடுக்கலை" என்பது அவர் காதில் திருடனின் மறுப்பு. "நீங்கதானே வெச்சீங்க" என்பது அவமானம். "பர்ஸ் காணோமா, பதறத்தான் செய்யும். வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லித் தேடுங்கள். கண்டுபிடிப்பது அவராக இருக்கட்டும். அதே மாதிரி பர்ஸ் இன்னொன்று வாங்கி, பழைய கார்டும் கொஞ்சம் சில்லறையும் போட்டு வையுங்கள். அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இரண்டு மூன்று இடம் நோட்டில் சேர்ந்துவிடும். குப்பையைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

சாயங்காலத்தில் கூடுவதற்குக் களைப்பும், மங்கும் வெளிச்சமும், உடம்பின் நேரக்கணக்கு குலைந்திருப்பதும் காரணம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள். திரைச்சீலையை மூடுங்கள், ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அவருக்கு அந்நியராக இருக்கலாம். செய்தி சேனல் வேண்டாம். காலையில் வெளிச்சத்தில் நடக்க வைத்து, பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்தினால் பலன் தெரியச் சில நாள் ஆகும்.

இத்தனைக்கும் பிறகு வெடித்துவிட்டால்? இரண்டு எட்டு பின்னால் போங்கள், கை எட்டும் தூரத்தைத் தாண்டி. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள், வழி அடைபட்டால் பயம் கூடும். உங்களுக்கும் வெளியே போக வழி இருக்கட்டும். ஒருவர் மட்டும் பேசட்டும், தாழ்ந்த குரலில், நாலைந்து சொல்லுக்குள். "கோபமா இருக்கீங்க. நான் இருக்கேன்." அவ்வளவுதான். காரணம் கேட்க வேண்டாம், தர்க்கம் வேண்டாம். மணிக்கட்டைப் பற்றிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இந்த நோயில் குழந்தைப் பருவத்துப் பிடிப்பு அனிச்சை சிலருக்குத் திரும்பிவருகிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும், அவராலேயே விட முடியாது. உங்கள் கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, அவர் புறங்கையை மெல்லத் தடவுங்கள், விரல் தானே விரியும். இல்லையென்றால் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி விடுவித்துக்கொள்ளுங்கள். முடியைப் பிடித்தால், அவர் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டால் இழுபடாது. தனியே விடுவது பாதுகாப்பு என்றால் ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அறையில் பூட்டி வைக்காதீர்கள். கத்தி, கத்தரிக்கோல், கைத்தடி, கனமான கண்ணாடிச் சாமான் எல்லாம் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதை இன்றே செய்துவிடலாம்.

தூக்க மாத்திரை கேட்காதீர்கள் என்பதே என் கருத்து. லோராஸிபாம், டயஸிபாம் போன்றவை இந்த வயதில் தள்ளாட வைத்து விழவைக்கும், குழப்பத்தைக் கூட்டும், சிலரை நேர்மாறாக இன்னும் மூர்க்கமாக்கும். மற்றவை எதுவும் பலிக்காமல், யாருக்காவது அடிபடும் ஆபத்து இருந்தால், மருத்துவர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைப் பற்றிப் பேசக்கூடும். 0.25 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்குள் நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. இந்த வகை மருந்துகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005லேயே கடும் எச்சரிக்கை விதித்தது. மறதி நோயாளிகளிடம் நடந்த, பெரும்பாலும் பத்து வார ஆய்வுகளில், மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதமும் சாப்பிடாதவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். பக்கவாத அபாயமும் உண்டு. எனவே எப்போது நிறுத்துவது என்ற தேதி இல்லாமல் தொடங்க விடாதீர்கள். அப்பாவுக்கு இல்லாத உருவங்கள் தெளிவாகத் தெரிகின்றன, நடை இறுகியிருக்கிறது, தூக்கத்தில் கைகால் வீசுகிறார் என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அது லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயாக இருந்தால் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நீங்கள் கத்திவிட்ட இரவுகளைப் பற்றி. கத்தியது அவர் மனதில் பதற்றமாகக் கொஞ்ச நேரம் தங்கும் என்று மேலே சொன்னேன். அது மறுபக்கமும் உண்மை. பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் அந்த இதமும் தங்கும், ஏன் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும். மன்னிப்பு கேட்டு நடந்ததை விளக்க வேண்டாம், அவருக்கு அது புதுக் குழப்பம். ஆனால் கத்துவது வாரத்தில் சில தடவையாகிவிட்டால் உங்களுக்குத் தூக்கமும் மாற்றாளும் போதவில்லை என்று பொருள். வாரத்தில் இரண்டு முறை, நேரம் குறித்து, தம்பி முழுப் பொறுப்பில் இருக்க வேண்டும். "முடிந்தபோது வருகிறேன்" என்பது கணக்கில் வராது.

கடைசியாக அம்மா. அவரை ஒருநாள் அப்பா தூங்கும்போது தனியாக உட்காரவைத்து, போன வாரம் தள்ளியதுதான் முதல் தடவையா என்று கேளுங்கள். பல மனைவிமார் கைக்காயத்தைக் கதவில் இடித்துக்கொண்டதாகவே சொல்லிவிடுவார்கள். முதல் தடவை இல்லை என்றால், ராத்திரி இருவரும் ஒரே அறையில் படுப்பதை இன்றே மாற்றுங்கள். அம்மா கைக்கெட்டும் தூரத்தில் போன் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பையோடும் நோட்டோடும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.